நாற்காலியின் மொழி: கேரள எல்லைத் தமிழ்ப் பஞ்சாயத்துகளில் அரசு ஊழியர் யாருடைய ஆள்?

கேரளத்துப் பஞ்சாயத்து ஆபீஸ்களின் சுவரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான பலகை ஒன்று தொங்கும். மனுவை யாரிடம் கொடுப்பது, மேல்முறையீட்டை யாரிடம் செய்வது என்று அதில் எழுதியிருக்கும். மலையாளத்தில் அந்தச் சட்டத்துக்கு 'விவராவகாச நியமம்' என்று பெயர். அங்கே அவகாசம் என்றால் உரிமை. தமிழில் அவகாசம் என்றால் நேரம். கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாற்றிலோ மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தமிழர், 'விவரம் சொல்ல நேரம் கேட்கிறார்கள்' என்று அதைப் புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. நிலம் தன் அனுபோகத்தில் இருப்பதற்கான சான்றுக்கு அவர் 'கைவசாவகாச சர்டிபிகேட்' கேட்கவேண்டும். வீட்டுத் திட்டப் பட்டியலில் பயனாளி என்று தேடினால் கிடைக்காது; 'குணபோக்தாவு' என்று தேடவேண்டும். இரு மொழிகளும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு இந்தக் குழப்பமும் அதிகம். முற்றிலும் அந்நியமான மொழியாக இருந்தால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரிந்த சொல்லாகத் தோன்றுவதால் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையின் கேள்வி சொற்களைப் பற்றியது அல்ல, அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. அதிகாரப் பரவலுக்கு இந்தியாவின் முன்மாதிரி என்று சொல்லப்படும் மாநிலத்தில், பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்க்கும் ஊழியர் யாருடைய ஆள்? பஞ்சாயத்தின் ஆளா, திருவனந்தபுரத்தின் ஆளா? அந்தப் பஞ்சாயத்தில் கணிசமானவர்கள் தமிழர்களாக இருக்கும்போது இந்தக் கேள்வி எப்படி மாறுகிறது?

இதுவரை சொல்லப்பட்டது

கேரளத்தின் அதிகாரப் பரவலைப் பற்றிய எழுத்துகள் ஏராளம். 1957இல் அமைந்த முதல் அமைச்சரவையின் நிர்வாகச் சீர்திருத்தக் குழு, பஞ்சாயத்தே நிர்வாகத்தின் அடிப்படை அலகாக வேண்டும் என்று 1958லேயே சொன்னது. அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்களை அடுத்து 1994இல் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் நகராட்சிச் சட்டமும் வந்தன. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குப் போகும் என்று அறிவிக்கப்பட்டது. சத்யப்ரத சென் தலைமையிலான குழு, அதிகாரப் பரவலுக்கான கோட்பாடுகளை வகுத்து, சட்டத்தில் செய்யவேண்டிய திருத்தங்களைப் பரிந்துரைத்தது. 1999இல் சட்டம் பெருமளவு திருத்தப்பட்டது.

ஆய்வாளர்கள் பொதுவாக மூன்று தராசுகளில் இதை நிறுத்துப் பார்ப்பார்கள்: பணி, பணம், ஆள். முதல் இரண்டிலும் கேரளத்துக்கு நல்ல மதிப்பெண். மூன்றாவதில் 'இரட்டைக் கட்டுப்பாடு' என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். மறுபக்கம், கேரளத் தமிழர் பற்றிய எழுத்துகள் 1950களின் எல்லைப் போராட்டத்தையும் தமிழ்வழிப் பள்ளிகளையும் விரிவாகப் பேசுகின்றன. பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைவதில்லை. ஒரு சாராரிடம் மொழி இல்லை, மறு சாராரிடம் ஆபீஸ் இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும் என்பது என் வாதம்.

ஓர் ஆபீசின் ஆள்கணக்கு

ஒரு கிராமப் பஞ்சாயத்தில் செயலர் இருக்கிறார். அவருக்குக் கீழே உதவிச் செயலர், தலைமை கிளார்க், கணக்கர், கிளார்க்குகள், ஆபீஸ் உதவியாளர். பொறியியல் பிரிவில் உதவிப் பொறியாளரும் ஓவர்சியரும். இவர்கள் உள்ளாட்சித் துறையின் ஆட்கள். இதற்கு வெளியே இன்னொரு வட்டம் உண்டு. கிருஷி பவனின் வேளாண் அலுவலர், கால்நடை மருத்துவர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அங்கன்வாடி மேற்பார்வையாளர், கிராம விரிவாக்க அலுவலர் ஆகியோரின் நிலையங்கள் 1990களின் நடுவில் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டவை. பஞ்சாயத்தின் திட்டங்களை நடத்திப் பணம் எடுத்துச் செலவழிக்கும் பொறுப்பு இவர்களுக்கே. 'நிர்வஹண உத்யோகஸ்தர்' என்று பெயர். எல்லைத் தமிழிலும் பலர் அப்படியேதான் சொல்கிறார்கள்.

இந்த வேளாண் அலுவலர் பஞ்சாயத்துக் கமிட்டியில் உட்கார்ந்து திட்டம் போடுவார். ஆனால் அவருடைய பதவி உயர்வும் ஸ்தலமாற்றமும் வேளாண் துறையின் கையில். பஞ்சாயத்துத் தலைவர் அவரிடம் வேலை வாங்கலாம். தலைவருக்காக அவர் அந்த ஊரில் இன்னும் இரண்டு வருடம் இருந்துவிடமாட்டார்.

செயலரின் நிலை இன்னும் நுட்பமானது. பஞ்சாயத்தின் தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டியவர் அவரே. ஒரு தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கருதினால் மறுபரிசீலனை கேட்க வேண்டியவரும், கமிட்டி பிடிவாதமாக இருந்தால் அரசுக்கு எழுதவேண்டியவரும் அவரே. அதாவது ஒரே ஆள் பஞ்சாயத்தின் கையாகவும் அரசின் கண்ணாகவும் இருக்கிறார். இதில் தவறில்லை. சட்டம் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் தீர்மானப் புத்தகம் எங்கெங்கோ போய்விடும். ஆனால் அந்தக் கண் எந்த மொழியில் பார்க்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

பெருமாட்டியும் மூணாறும்

ஊழியர் அமைப்பு எங்கே இடிக்கிறது என்று பார்க்க எல்லைப் பகுதியிலேயே இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஒன்று உலகம் அறிந்தது. சித்தூர் தாலுகாவின் பெருமாட்டிப் பஞ்சாயத்து, பிளாச்சிமடை கொக்கோ கோலா ஆலைக்கு 2000இல் உரிமம் கொடுத்தது. 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலை மாநில உள்ளாட்சித் துறையிடம் போனது. துறை பஞ்சாயத்தின் முடிவுக்கு முட்டுக்கட்டை போட்டது. விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2003 டிசம்பர் 16இல் ஒற்றை நீதிபதி நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்ற அடிப்படையில் தீர்ப்பளித்ததும், 2005இல் டிவிஷன் பெஞ்ச் வேறு திசையில் போனதும் நீர் உரிமை பற்றிய நூல்களில் விரிவாக இருக்கின்றன. எனக்கு இங்கே முக்கியமானது நடுவிலிருக்கும் அந்தப் படி. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பஞ்சாயத்தின் முடிவை முதலில் எடைபோட்டது நீதிமன்றமல்ல, அந்தப் பஞ்சாயத்துச் செயலரின் மேலதிகாரியான துறை.

மூணாற்றில் கதை தலைகீழ். கட்டட அனுமதி பஞ்சாயத்தின் அதிகாரம். ஆனால் ஏலமலைப் பகுதி நில விவகாரங்களால், 2010இல் தொடங்கிய நீதிமன்ற உத்தரவுகளின்படி, மூணாறு சுற்றுவட்டாரத்தில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வில்லேஜ் ஆபீசும் தாலுகா ஆபீசும் பஞ்சாயத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவை கலெக்டர் வழியாக நேரே அரசிடம் போகின்றன. 2019 பிப்ரவரியில் மூணாறு பஞ்சாயத்தே முதிரப்புழை ஆற்றங்கரையில் ஒரு வணிகக் கட்டடம் எழுப்பியபோது, சான்று இல்லை என்று தேவிகுளம் சப் கலெக்டர் நிறுத்தச் சொன்னார். வேலை நிற்கவில்லை. உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சூழலியல் நோக்கில் சப் கலெக்டரின் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். அதையும் மீறி ஒன்றைக் கவனிக்கவேண்டும். உள்ளாட்சிக்கு அதிகாரம் கைமாறி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், மலையில் நிலம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் கடைசிச் சொல் 1994க்கு முந்தைய நாற்காலியில்தான் இருக்கிறது. 1877இல் பூஞ்ஞாறு அரசர் மன்ரோ என்ற வெள்ளையருக்குக் கொடுத்த கண்ணன் தேவன் குன்றுகளில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் வாழும் குடும்பத்துக்கு, பஞ்சாயத்தைவிட வில்லேஜ் ஆபீசும் கம்பெனி ஆபீசும் பெரியவை.

மொழியுரிமை எதற்குக் கொடுக்கப்பட்டது?

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு இருக்கட்டும் என்றது. அங்கே தமிழர் பெரும்பான்மையாக இருப்பது தோட்ட வேலைக்கான குடியேற்றத்தின் விளைவு என்பது அதன் வாதங்களில் ஒன்று. கொச்சி அரசிலிருந்த சித்தூர் பாலக்காட்டோடு சேர்ந்தது. பிறகு 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலையோடு மலையாளிகள் மிகப் பெரும்பான்மையான தொடுபுழையும் சேர்க்கப்பட்டது.

இந்தக் கோடுகள் ஏன் முக்கியம்? மொழிச் சிறுபான்மையினருக்கான இந்தியப் பாதுகாப்புகள் விழுக்காடுகளின் மேல் நிற்கின்றன. 1961 முதலமைச்சர்கள் மாநாட்டு உடன்பாட்டின்படி, ஒரு மாவட்டத்தில் 60 விழுக்காட்டினர் வேறு மொழி பேசினால் அந்த மொழியையும் அங்கே ஆட்சிமொழியாக ஏற்கலாம். தாலுகா, நகராட்சி போன்ற சிறிய அலகில் 15 முதல் 20 விழுக்காடு இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அந்த மொழியில் வெளியிடவேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம், மக்கள்தொகையில் 1.5 விழுக்காடு. தாலுகா என்ற அளவில் தேவிகுளம் ஒரு கணக்கு, இடுக்கி மாவட்டம் என்ற அளவில் இன்னொரு கணக்கு. தொடுபுழையைக் கூட்டினால் 60 எட்டாக்கனி. சித்தூரைப் பாலக்காட்டின் மற்ற தாலுகாக்களோடு கூட்டினாலும் அப்படியே. ஆட்கள் இடம் மாறவேண்டியதில்லை, கோடு மாறினால் போதும்.

கேரளத்தின் சொந்தச் சட்டம் இதைவிடத் தாராளமானது. மலையாளமும் ஆங்கிலமும் ஆட்சிமொழி என்று சொல்லும் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், அவர்கள் மிகுதியாக வாழும் பகுதிகளின் உள்ளூர் ஆபீஸ்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வரவேண்டும் என்கிறது. பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல சட்டம். ஆனால் அதைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். உரிமை கடிதத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் நாற்காலிக்கு எந்த நிபந்தனையும் இல்லை. தமிழில் வந்த மனுவுக்குத் தமிழில் பதில் போகவேண்டுமென்றால் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டும். அவர் இருக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

உச்சியிலேயே இந்த வழுக்கல் நடந்ததுண்டு. 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். கையில் கொடுக்கப்பட்டிருந்த தமிழ் வாசகத்தில் ஒரு தொடர் விடுபட்டிருந்ததால் ஜூனில் மறுபடியும் எடுக்கவேண்டியிருந்தது. சட்டமன்றத்துக்கான ஒரு வாக்கியத்துக்கே இந்த நிலை என்றால், வட்டவடையிலோ வடகரப்பதியிலோ நடக்கும் கிராமசபையின் அஜெண்டாவைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை.

தமிழும் மலையாளமும் அறிந்த கிளார்க்

நாற்காலியை முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். கேரள பி.எஸ்.சி. பாலக்காடு, இடுக்கி போன்ற மாவட்டங்களுக்குத் தனியாக 'தமிழும் மலையாளமும் அறிந்த' எல்.டி. கிளார்க் பட்டியல் வெளியிடுகிறது. காசர்கோட்டுக்குக் கன்னடம் அறிந்த கிளார்க் பட்டியல் உண்டு. ஆபீசின் முதல் மேசையில் பேச்சு புரிகிற ஒருவர் கிடைப்பது சின்ன விஷயமல்ல. மறையூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு கிழவிக்கு, தன் விதவைப் பென்ஷன் ஏன் நின்றது என்பதைத் தமிழில் கேட்கமுடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் அந்த நிபந்தனை ஏணியின் அடிப்படியில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் செயலருக்கு இல்லை, திட்டத்தை நடத்தும் வேளாண் அலுவலருக்கு இல்லை, அளவெடுக்கும் ஓவர்சியருக்கு இல்லை. கிளார்க் தமிழில் கேட்டுக்கொள்வார். கோப்பில் மலையாளத்தில் எழுதுவார். பதில் மலையாளத்தில் அச்சாகி வரும். கிளார்க் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வார். அங்கே தமிழ் ஒரு வாய்மொழி உதவி, கோப்பின் மொழியல்ல. அந்தக் கிளார்க் லீவில் இருக்கும் நாளில் அதுவும் இல்லை. அப்போது அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவுக்கோ வாசலில் மனு எழுதுபவரிடமோ போகவேண்டும். ஓர் எல்லைப் பஞ்சாயத்தில் நானே பார்த்தேன்: மனு எழுதுபவர் தமிழில் கேட்டு, மலையாளத்தில் எழுதி, கீழே தமிழில் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட்டவர் தான் என்ன கேட்டிருக்கிறோம் என்பதை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டார்.

அந்த நாற்காலிக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து சேர்வதும் லேசல்ல. பட்டியல் சாதி இட ஒதுக்கீட்டுக்கு, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் இன்றைய கேரளப் பகுதியில் இருந்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்த தாத்தாவுக்குக் கம்பெனிப் பதிவேட்டைத் தவிர வேறு காகிதம் எங்கே? தமிழில் உறுதிமொழி எடுத்த அதே தேவிகுளம் உறுப்பினரின் தேர்தல் வழக்கே இந்தத் தகுதியைச் சுற்றித்தான் ஓடியது. 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது, 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒரு சட்டமன்ற உறுப்பினரால் உச்சநீதிமன்றம்வரை போகமுடிந்தது. எல்.டி. கிளார்க் தேர்வு எழுதும் பிள்ளை தாலுகா ஆபீசோடு நின்றுவிடும்.

இங்கே ஓர் ஒப்பீடு உறைக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு 20 விழுக்காடு போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் வென்று உறுப்பினர்களானார்கள். கொழுந்து கிள்ளிய கை இரண்டு மாதத்தில் கமிட்டி மேசைக்கு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்த ஊழியர் வரிசை அப்படியே இருந்தது. தேர்தல் நாற்காலி மாறும் வேகமும் உத்தியோக நாற்காலி மாறும் வேகமும் ஒன்றல்ல.

இடமலைக்குடி

ஆபீஸ் என்பது ஓர் இடமும்கூட. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரித்து 2010இல் இடமலைக்குடி உருவாக்கப்பட்டது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. முதுவான் மக்கள் காட்டுக்குள் குடிகளாகச் சிதறி வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. வழி பெட்டிமுடியைத் தாண்டிக் காட்டுக்குள் போகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிவில் 70 பேரைப் பறிகொடுத்த அதே பெட்டிமுடி. அந்தப் பஞ்சாயத்தின் ஆபீஸ் பல ஆண்டுகள் இயங்கியது காட்டுக்கு வெளியே, தேவிகுளத்தில். உறுப்பினர் கூட்டத்துக்குக் காட்டிலிருந்து இறங்கி வரவேண்டியிருந்தது. சான்றிதழ் வாங்க வருபவரும் அப்படியே.

இதற்குச் சோம்பேறித்தனம் என்ற எளிய விளக்கம் போதாது. மாநிலம் முழுக்க மாறிக்கொண்டிருக்கும் ஒரு பணிவரிசையில் இடமலைக்குடி என்பது பட்டியலில் ஒரு வரி. அங்கே போஸ்டிங் விழுந்தவருக்கு அது காத்திருந்து கடக்கவேண்டிய காலம். அந்த மலையில் பிறந்த ஒருவர் செயலராக இருந்தால் ஆபீஸ் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

எதிர்வாதமும் பக்கத்து நாடும்

உள்ளூராரையே ஊழியராக்கு என்பதற்கு எதிராக வலுவான வாதம் இருக்கிறது. உள்ளூர் நியமனம் என்றால் உள்ளூர்ச் சாதி, உள்ளூர்க் கட்சி, கையூட்டு. பி.எஸ்.சி. என்ற பொதுத் தேர்வு அந்தப் பிடியை ஓரளவு உடைத்தது. சித்தூர்ப் பக்கத்து நிலக்கிழார் பரம்பரையை நினைத்தால், ஊரார் பேச்சைக் கேட்காத வெளியூர்ச் செயலர் எளியவருக்குச் சில நேரம் ஒரே பாதுகாப்பு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறந்த ஊரையும் தெரிந்த மொழியையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது அந்த வாதம். தமிழ் படிக்கத் தெரிந்த கோழிக்கோட்டுக்காரரைச் செயலராக அனுப்புவதைப் பொதுத் தேர்வு எந்த வகையிலும் தடுக்கவில்லை.

அதிகாரம் பகிர்ந்த நாடுகள் ஊழியரை எப்படிப் பகிர்ந்தன என்பது வெவ்வேறு விதம். வட அயர்லாந்துக்குத் தனிக் குடிமைப்பணி உண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ் அரசுகளின் அதிகாரிகள் 1999க்குப் பிறகும் பிரிட்டனின் ஒரே உள்நாட்டுப் பணியைச் சேர்ந்தவர்கள். இலங்கை நமக்கு நெருக்கமான பாடம். 1987இன் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு மாகாணப் பொதுச் சேவையைக் கொடுத்தது. பிரதான செயலாளரை முதலமைச்சரின் இணக்கத்தோடு ஜனாதிபதி நியமிக்கவேண்டும். ஆனால் மாவட்டச் செயலகமான கச்சேரியும் பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் கொழும்பின் வரிசையில் நின்றார்கள். வடக்கு மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தபிறகு எழுந்த இழுபறிகளில் பல, ஒரே ஊரில் இரண்டு ஆபீஸ்கள் இருந்ததன் விளைவு. மூணாற்றுப் பஞ்சாயத்துக்கும் தேவிகுளம் தாலுகா ஆபீசுக்கும் இடையிலுள்ள தூரம் எனக்கு அதை நினைவூட்டுகிறது, அரசியல் எடை முற்றிலும் வேறு என்றாலும்.

ஒருங்கிணைந்த பணிக்குப் பிறகு

2022இல் கேரளம் பஞ்சாயத்து, ஊரக வளர்ச்சி, நகர விவகாரம், உள்ளாட்சிப் பொறியியல், நகர ஊரமைப்பு ஆகிய ஐந்து துறைகளை ஒரே உள்ளாட்சித் துறையாக்கியது. மேலே முதன்மை இயக்குநர், மாவட்டத்தில் இணை இயக்குநர். ஐந்து துறைகளுக்குள் கோப்பு உதைபட்டதை நிறுத்தியது என்ற வகையில் இது வரவேற்கவேண்டிய சீர்திருத்தம். கிராமப் பஞ்சாயத்தில் இருப்பவர் நகராட்சிக்கும் நகராட்சியில் இருப்பவர் பிளாக்குக்கும் போகலாம்.

பணிவரிசை அகலமாகும்போது ஓர் ஊரோடு ஓர் ஊழியரின் பிடிப்பு மெலிகிறது. எருத்தேம்பதியில் தமிழ் கற்றுக்கொண்ட செயலர், அந்தத் தமிழுக்காக அங்கேயே இருக்கப்போவதில்லை. அவருடைய சீனியாரிட்டிப் பட்டியலில் தமிழ் ஒரு பத்தியல்ல. நியமனத்துக்கு முன்பே மாநில மொழி தெரிந்திருக்கவேண்டியதில்லை, பயிற்சிக் காலத்துக்குள் தேறினால் போதும் என்று சிறுபான்மையினருக்காக 1961இல் ஒப்புக்கொண்டார்கள். அதே தர்க்கத்தைத் திருப்பிப் போடலாம்: தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளில் கையெழுத்து அதிகாரமுள்ள பதவிக்கு வருபவர் குறிப்பிட்ட காலத்துக்குள் தமிழ் வாசிக்கத் தேறவேண்டும், தேறியவருக்கு அங்கே தொடர்வதில் முன்னுரிமை. புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒருங்கிணைந்த பணிக்கான விதிகளில் ஒரு வரி போதும்.

இன்னொரு வரியும் சேர்க்கலாம். தமிழும் மலையாளமும் அறிந்த கிளார்க் பதவி உயர்ந்து போகும்போது அவர் எழுந்த மேசைக்கு அதே தகுதியுள்ளவர்தான் வரவேண்டும் என்பது. இல்லாவிட்டால் மறையூர்க் கிழவி அடுத்த மாதம் பென்ஷன் கேட்டு வரும்போது, 'அவகாசம்' என்று பலகையில் எழுதியிருப்பதன் தமிழ்ப் பொருள்தான் அவருக்குக் கிடைக்கும்.